இரண்டு மணித் தேநீர்

கடலிலிருந்து மூட்டம் எழுந்து ஊருக்குள் வரும்போது ஸ்கெல்மவுத்தில் யாரும் அதை மூட்டம் என்று சொல்வதில்லை. 'வந்துட்டா' என்பார்கள், வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்ட மாதிரி. ஜூன் மாதத்தில் வெயில் நன்றாக அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் அவள் வருவாள். முதலில் துறைமுகச் சுவர் மறையும். அப்புறம் படகுகள், மீனுக்குப் புகை போடும் கொட்டகை, தேவாலயத்தின் கழுத்து. கடைசியாக மேட்டின்மேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியின் ஜன்னல்களில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, உள்ளே படுத்திருக்கிற கிழவர்களை எட்டிப் பார்ப்பாள்.

அந்த நேரத்துக்குத்தான் ஆவ்ரில் ஸ்டோரி இரண்டு மணித் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள்.

இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. வண்டிகள் மூன்று மாறிவிட்டன. தாழ்வாரத்தில் பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேருகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. வண்டி அதில் ஏறி இறங்கும்போது கோப்பைகள் எல்லாம் ஒரே குரலில் 'ஐயோ' என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டதும் வார்டில் பாதிப் பேர் கண் திறப்பார்கள். மீதிப் பேர் கனவுக்குள் இருந்தபடியே கையை நீட்டுவார்கள்.

"ரெண்டு சர்க்கரை, கண்ணு?" என்பாள் ஆவ்ரில். அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவனும் கண்ணுதான், பாதிரியாரும் கண்ணுதான்.

"மூணு போடு. டாக்டர்கிட்ட ஒண்ணுன்னு சொல்லிக்கலாம்" என்பார் கைக்குக் கட்டுப் போட்ட பர்விஸ்.

"உங்க ரத்தமே பாகாயிடும், அப்புறம் உங்களைத்தான் ரொட்டியில தடவணும்."

"தடவு, தடவு. என் பொண்டாட்டி அதைக்கூடத் தின்ன மாட்டா."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். வார்த்தைகூட மாறாது. அது பேச்சு இல்லை, ஜபமாலை உருட்டுகிற மாதிரி ஒன்று என்று ஆவ்ரிலுக்குத் தோன்றும்.

கடைசி அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் மிஸ்டர் டெய்ட். எண்பத்தெட்டு வயது. ரயில்பாதை ஊரைத் தாண்டுகிற இடத்தில் இருக்கும் சிக்னல் அறையில் நாற்பது வருஷம் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அதில் ஒரு மோதிரம். அந்த மோதிரத்தால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். டிங். அப்புறம் காத்திருப்பார். வெகுநேரம் காத்திருப்பார். மூட்டம் இறங்கிய மத்தியானங்களில் அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி இருக்கும்.

"என்ன கண்ணு, எதுக்குத் தட்டறீங்க? இந்தா, டீ வச்சிருக்கேன்" என்று மேஜையில் கோப்பையை வைப்பாள் ஆவ்ரில். மேஜை அவருடைய வலது பக்கம் இருக்கும். இடது பக்கம் சுவரும் பிராணவாயுக் குழாயும். மேஜை எப்போதும் வலது பக்கம்தான், எல்லாக் கட்டிலுக்கும்.

இனி அவள் செய்கிற காரியத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

இரண்டே முக்கால் மணிக்கு, வண்டியைச் சமையல்கட்டில் விட்டுவிட்டு, வெறும் கையோடு ஒரு சுற்று வருவாள். யாராவது குடிக்காமல் விட்ட தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டி நிற்கும். அதை எடுத்து அறை வாசலில் இருக்கும் தொட்டியில் கவிழ்ப்பாள். காலிக் கோப்பையை எடுத்த இடத்திலேயே வைப்பாள். மூன்றேகாலுக்கு வண்டியோடு வந்து எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போவாள். காலைப் பதினொரு மணி, சாயங்காலம் நாலு மணித் தேநீருக்கும் இதே முறைதான். நிறைந்த கோப்பைகளை வண்டியில் ஏற்றினால் அந்த மேட்டில் சிந்தும். சிந்தினால் தரை வழுக்கும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கிழவி வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆவ்ரிலின் அம்மா வேறு, குடிக்காத கோப்பை நிற்கிற வீடு வீடா என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். விருந்தாளி பாதியில் வைத்துவிட்டுப் போன தேநீரை, அவர் வாசல் தாண்டுவதற்குள் எடுத்துக் கவிழ்த்துவிடுவாள் அம்மா. அந்த அவமானத்தைச் சுவர்கூடப் பார்க்கக் கூடாது.

ஜூன் இரண்டாவது வாரம், வியாழக்கிழமை, ஆவ்ரில் டெய்ட்டின் கோப்பையை எடுத்தபோது அது ஊற்றியபடியே நிறைந்திருந்தது. அவர் உதடு காய்ந்து, மீன் செதில் மாதிரித் தோல் உரிந்திருந்தது. ஒரு கணம் கையில் கோப்பையோடு நின்றாள். டிங் என்றார் அவர். அவள் கவிழ்த்தாள். காலிக் கோப்பையை வைத்தாள். போனாள்.

அந்த ஒரு கணத்தை அப்புறம் எத்தனையோ தடவை அவள் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை டெய்ட்டை ஆம்புலன்ஸில் ஏற்றி நாற்பது மைல் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகம் நின்றுவிடுகிற நிலை. உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள்.

திங்கள்கிழமை சாயங்காலம். அந்த மாதத்தில் அங்கே பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆனால் மூட்டம் இருந்ததால் வெளிச்சத்துக்கு எந்தப் பக்கமும் இல்லை, எங்கிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஆவ்ரிலின் புருஷன் நார்மன் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நண்டுக்கூண்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தான். மேஜையில் பட்டாணிக் கூழும் பன்றித் தொடைக்கறியும் தட்டை ரொட்டியும். மகள் கெர்ரி எதையும் தொடவில்லை.

கெர்ரி அதே வார்டில் செவிலிகளுக்கு உதவியாள். முப்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகி, முறிந்து, பெட்டியோடு திரும்பி வந்து ஐந்து வருஷமாக அம்மா அப்பாவோடுதான் இருக்கிறாள். மூன்று தடவை எழுதி, மூன்றாவது தடவையில் செவிலிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் தொடக்கம். அந்தக் கடிதம் அடுப்புக்கு மேலே, நார்மனின் படகுப் படத்துக்குப் பக்கத்தில் சொருகியிருந்தது.

"இனிமே வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் கெர்ரி. "விசாரணை முடியற வரைக்கும்."

"எதுக்காம்?"

"டெய்ட்டோட தாளு. குடிச்சது எவ்வளவுன்னு எழுதற தாளு. அஞ்சு நாளா பதினொரு மணிக்கு, ரெண்டு மணிக்கு, நாலு மணிக்கு, எல்லாத்துலயும் 'முழுக் கோப்பை'ன்னு என் கையெழுத்து. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தா சொட்டுத் தண்ணி உள்ள போகல. தாளு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. அப்ப யாரு பொய் சொல்றா? ரத்தமா சொல்லும்?"

"நீ எழுதினது பாத்துத்தானே எழுதினே?" என்றான் நார்மன், ஊசியை நிறுத்தாமல்.

"பாத்துத்தான்ப்பா எழுதினேன். கோப்பை காலியா இருந்துச்சு. சத்தியமா காலியா இருந்துச்சு. மத்தவங்கல்லாம் பாதி வைப்பாங்க, கால்வாசி வைப்பாங்க. டெய்ட் மட்டும் துடைச்சு வச்ச மாதிரிக் குடிச்சிடுவார். நான் பெருமையா எழுதினேன். 'உதவி தேவையில்லை, தானே குடிக்கிறார்'னு."

ஆவ்ரில் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி ரொட்டிக்குள் பாதி இறங்கி நின்றது.

தெரிந்துகொள்வது என்பது கதவைத் திறந்துகொண்டு வருகிற விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை. மூட்டம் மாதிரி வந்தது. முதலில் தூரத்தில் இருந்த ஒன்று இல்லாமல் போனது. பிறகு கிட்டத்தில் இருந்தது. கடைசியில் தன் கையும் கத்தியும் மட்டும் தெரிந்தன.

"யாரோ எடுத்துக் கொட்டியிருப்பாங்களோ?" என்றான் நார்மன்.

"யாரு கொட்டுவா? பக்கத்துக் கட்டில் பர்விஸா? அவரால தன் மூக்கையே சொறிய முடியாது." கெர்ரி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "மேற்பார்வைக்காரங்க வர்றாங்களாம்ப்பா. வெளியில இருந்து. ஆஸ்பத்திரியைச் சேந்தவங்களும் இல்ல, மந்திரியோட ஆளுங்களும் இல்ல. அவங்க 'பொய்யா எழுதினா'ன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. எந்தக் காலேஜும் என்னை உள்ள விடாது. நான் பாக்காததை எழுதலப்பா."

நார்மன் வலையைக் கீழே வைத்தான். "டெய்ட்டை எனக்குத் தெரியும். எங்கண்ணனும் ரயில்ல வேலை பாத்தான். நண்டுப்பெட்டி ஏத்தப் போறப்ப அவரோட சிக்னல் அறைக்கு ஏறிப் போவேன். வண்டி போயிடுச்சுன்னு புஸ்தகத்துல எழுதறதுக்கு முந்தி, ஜன்னல்ல நின்னு கடைசிப் பெட்டியோட சிவப்பு விளக்கைக் கண்ணால பாப்பார். எஞ்சின் போச்சு, சத்தம் போச்சுன்னெல்லாம் எழுத மாட்டார். வாலு விளக்கைப் பாக்கணும். இல்லேன்னா நடுவுல ஒரு பெட்டி கழண்டு பாதையிலயே நிக்கலாம் இல்லையா?"

கெர்ரி தொடாத தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் கோப்பையைப் பாத்தேன்" என்றாள் அப்புறம். "மனுஷனைப் பாக்கல."

"எதுக்கு அவர் கம்பியில தட்டறார்?" ஆவ்ரில் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் அது என்று தெரிந்தது.

"ஒரு தட்டா?"

"ஒரே ஒரு தட்டு."

"அது மணிப் பேச்சு, புள்ள. ரெண்டு சிக்னல் அறைக்கும் நடுவுல கம்பி வழியா மணி அடிச்சுத்தான் பேசுவாங்க. ஒரு தட்டுன்னா 'கவனி'. அந்தப் பக்கம் இருக்கறவன் ஒண்ணு திருப்பித் தட்டணும். அப்புறம்தான் மத்த பேச்செல்லாம். திருப்பித் தட்டலேன்னா எதுவும் நடக்காது. வண்டி அங்கயே நிக்கும்."

ஆவ்ரில் ரொட்டியை அறுத்து முடித்தாள். தேவைக்கு மேல் அறுத்துவிட்டாள். 'நான்தான் கொட்டினேன்' என்ற வார்த்தை வாய்க்குள் ஆறிப்போன தேநீர் மாதிரி நின்றது. அதை யாரும் பார்ப்பதற்கு முன்னால் விழுங்கிவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை? படுக்கையில் புருஷனின் முதுகைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பயத்துக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. மற்ற அறைகளில் அவள் மூன்று மணிவரைகூடச் சோம்பலாக விட்டுவிடுவது உண்டு. கெர்ரிக்கு ஒதுக்கிய கடைசி அறைக்கு மட்டும் இரண்டே முக்காலுக்குத் தவறாமல் போவாள். மகள் பார்க்கிற அறை பளிச்சென்று இருக்க வேண்டும். தலைமைச் செவிலி எட்டிப் பார்த்தால் நிறைந்த கோப்பை ஒன்றுகூட நிற்கக் கூடாது. 'கெர்ரியோட ஆளுங்க எல்லாரும் நல்லா குடிக்கிறாங்களே' என்று ஒரு நாள் அந்தத் தலைமைச் செவிலி கிளெனிஸ் சொன்னபோது ஆவ்ரிலுக்குப் பெருமையாக இருந்தது. தான் கொட்டியது தனக்குத் தெரிந்திருந்தும் பெருமையாக இருந்தது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள எப்படி முடிந்தது? ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் மாதிரி அவை இத்தனை நாள் குடியிருந்திருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போனதும் கிளெனிஸ் பிடித்துக்கொண்டாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"வந்துட்டாங்க. சொல்லாம கொள்ளாம. நாலு பேரு. ஒருத்தி கடைசி அறையில நாற்காலி போட்டு உக்காந்துட்டா. பேச மாட்டேங்கறா, பாத்துக்கிட்டே இருக்கா. எனக்கு முதுகெல்லாம் அரிக்குது."

"நான் என்ன செய்யணும்?"

"நீ என்ன செய்யறது? எப்பவும் போல டீயை ஊத்து. டீக்காரியை யாரு என்ன கேக்கப் போறா? கேட்டா, எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லு. அந்தத் தாளு விஷயம் கெர்ரியோட முடிஞ்சிடட்டும் ஆவ்ரில். உனக்குக் கஷ்டந்தான், தெரியும். ஆனா வார்டையே இழுத்து மூடிட்டா முப்பது பேரு தெருவுல."

இரண்டு மணி. வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. கோப்பைகள் 'ஐயோ' என்றன.

கடைசி அறையில் டெய்ட்டின் கட்டில் புதுத் துணி போட்டுக் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் உட்காருகிற நாற்காலியில் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கறுத்த நிறம், நரைத்த குட்டை முடி, கழுத்தில் அட்டை. மடியில் ஒரு தாள். மிஸஸ் ஒகோரோ, லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளைதான். அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த விதம், ரயில் வராத நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"டீ, கண்ணு?" என்று கேட்டுவிட்டு ஆவ்ரில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, நன்றி. நான் இங்க இல்லேன்னே நெனச்சுக்குங்க."

"இவ்வளவு பெரிய ஆளை எப்படிம்மா இல்லேன்னு நெனைக்கறது?" என்றார் பர்விஸ். "காலையில இருந்து என் குறட்டையைக்கூட எழுதிக்கிட்டு இருக்கீங்க."

"குறட்டைக்குத் தனிக் கட்டம் இல்ல, மிஸ்டர் பர்விஸ். இருந்தா முதல் பரிசு உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டு மடியில் இருந்த தாளுக்குத் திரும்பினாள்.

நாற்பத்தைந்து நிமிஷம் கழிந்தது. வார்டு மத்தியானத் தூக்கத்துக்குள் மெல்ல இறங்கியது. யாரோ கனவில் முனகினார்கள். கப்பலின் ஊதல் வெகுதூரத்தில் ஒரு தடவை கேட்டது. ஆவ்ரில் வெறும் கையோடு அறைக்குள் வந்தாள். எதையும் நினைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தது. வாசலோரக் கட்டிலில் தூங்குகிறவரின் கோப்பையை எடுத்தாள். ஆடை கட்டியிருந்தது. தொட்டியில் கவிழ்த்தாள். கோப்பையைக் கொண்டு வந்து மேஜையில் அதே வட்டக்கறையின் மேல் வைத்தாள்.

வைத்த சத்தத்தில்தான் விழித்துக்கொண்டாள்.

மிஸஸ் ஒகோரோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஜன்னலில் நின்று போகிற வண்டியின் கடைசிப் பெட்டிக்குக் காத்திருக்கிறவரின் பார்வை அது.

"உங்க பேரு?"

"ஆவ்ரில்."

"உக்காருங்க ஆவ்ரில். அது கை கழுவற தொட்டி, தெரியுமில்ல? அதுல எதையும் கொட்டக் கூடாது."

"தெரியும்."

"சரி. அதை அப்புறம் பேசலாம். இப்ப ஒண்ணு கேக்கறேன். இது இன்னிக்கு மட்டும் செஞ்சதா?"

'இன்னிக்குத்தான், உங்களைப் பாத்த படபடப்புல' என்ற பதில் தயாராக, சூடாக, சர்க்கரை போட்டுக் கையில் இருந்தது. நீட்ட வேண்டியதுதான். நீட்டினால் இந்தப் பெண் தொட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்விடுவாள். மூன்றேகாலுக்கு வண்டி வரும். நாளைக்கும் வரும். அடுப்புக்கு மேலே இருக்கிற கடிதத்தை மட்டும் ஒரு நாள் கெர்ரியே எடுத்து அடுப்பில் போடுவாள்.

ஆவ்ரில் நாற்காலி இல்லாததால் டெய்ட்டின் காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தெனமும்தான்" என்றாள். "இருபத்தெட்டு வருஷமா."

மிஸஸ் ஒகோரோ பேனாவைக் கீழே வைத்தாள். அது ஆவ்ரில் எதிர்பார்க்காதது.

"இந்தக் கட்டில்ல இருந்தவரோட கோப்பையையும்?"

"அவரோடதையும். அஞ்சு நாளும். நெறஞ்சு இருக்கும், நான் கொட்டிடுவேன். வெறும் கோப்பையை வச்சுட்டுப் போயிடுவேன். அந்தப் பொண்ணு அப்புறமா வந்து பாத்து எழுதும். அவ பொய் எழுதல. அவ பாத்தது பொய்."

"அந்தப் பொண்ணு?"

"என் பொண்ணு."

வெளியே ஊதல் மறுபடி கேட்டது. பர்விஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். குறட்டை மட்டும் நின்றிருந்தது.

"பொண்ணைக் காப்பாத்தச் சொல்றீங்கன்னு நான் நெனைக்கலாம் இல்லையா?" என்றாள் மிஸஸ் ஒகோரோ, மெதுவாக.

"நெனைக்கலாம். ஆனா நீங்க இப்ப கண்ணால பாத்தீங்களே."

"பாத்தேன்." அப்புறம் கேட்டாள்: "மேஜை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலது பக்கம்."

"அவருக்கு எந்தக் கை வரும்?"

ஆவ்ரில் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். ஐந்து நாள் அந்த மனிதர் தன் செத்துப்போன பக்கத்தில் ஆவி பறக்கிற கோப்பையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டே தட்டியிருக்கிறார். அவள் 'எதுக்குத் தட்டறீங்க கண்ணு' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாதவரிடம் கேட்டுவிட்டு, போயிருக்கிறாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "அதையும் எழுதிக்குங்க. அவர் உதடு காஞ்சிருந்ததை நான் வியாழக்கிழமையே பாத்தேன். பாத்துட்டுத்தான் கொட்டினேன். குடிக்க வைக்கறது அவங்க வேலை, கோப்பை என் வேலைன்னு நெனச்சேன். என் பொண்ணோட ரூமு நல்லாத் தெரியணும்னும் நெனச்சேன்."

மிஸஸ் ஒகோரோ பேனாவை எடுத்து எழுதினாள். நிறைய எழுதவில்லை. எழுதியதை ஆவ்ரிலுக்குப் படித்துக் காட்டினாள். "நீங்க சொன்னது இதுதானே?"

"இதுதான்."

"இத்தனை வருஷத்துல யாராவது உங்களைக் கேட்டிருக்காங்களா, ஆறிப்போன டீயை என்ன செய்யறீங்கன்னு?"

"டீக்காரியை யாரும்மா கேப்பா?"

அன்றைக்கு வண்டியைச் சமையல்கட்டில் விட்டுவிட்டு, கோப்பைகளைக் கழுவி, துடைத்து, கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். வழி தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள்.

கெர்ரி கத்துவாள் என்று நினைத்தாள். கெர்ரி கத்தவில்லை. நார்மன்தான், "அடிப் பாவி" என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தான். அந்த வீட்டில் எந்தத் துக்கத்துக்கும் அதுதான் முதல் காரியம். வைத்த பிறகு அதைப் பார்த்து அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நேத்து இதே இடத்துல உக்காந்து நான் அழுதேன்" என்றாள் கெர்ரி. "நீ ரொட்டி அறுத்துக்கிட்டு இருந்தே."

"ஆமாம்."

"அப்பவே தெரியுமா?"

"அறுக்கறப்பத்தான் தெரிஞ்சுது."

"இன்னிக்கு அந்த அம்மா பாக்கலேன்னா சொல்லியிருப்பியா?"

ஆவ்ரில் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியல, கெர்ரி" என்றாள்.

கெர்ரி எழுந்து மாடிக்குப் போனாள். படிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. ஒரு வாரம் அம்மாவோடு உப்பு எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. எட்டாம் நாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள்: "அவர்கிட்ட ஒரு வார்த்தை, 'குடிச்சீங்களா'ன்னு நான் கேட்டிருக்கணும். தலையாட்டியிருப்பார். அதுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். என்கிட்ட அரை நிமிஷம் இல்லேன்னு நெனச்சேன் பாரு." ஆவ்ரில் துணியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் இழுத்து, சேர்த்து, மடித்தார்கள்.

ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அறுபது பக்கம். எந்தப் பெயரும் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் ஐந்து வரி. குடிக்காத பானங்கள் கொட்டப்பட்டு வெற்றுக் கோப்பைகள் கட்டிலருகே திரும்ப வைக்கப்பட்டன என்றும், பதிவுகள் அந்தக் கோப்பைகளை வைத்து எழுதப்பட்டன என்றும், எழுதியவர்களிடம் ஏமாற்றும் எண்ணம் காணப்படவில்லை என்றும் இருந்தது. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒரே உதவியாள் பார்த்திருக்கிறார் என்பது ஐந்தாவது வரி. கெர்ரி அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கடிதத்தோடு சேர்த்துச் சொருகினாள். ஆவ்ரிலை வண்டியிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் துணி அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. மூட்டம் வந்ததா இல்லையா என்று மற்றவர்களின் தலைமுடி ஈரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

டெய்ட் பிழைத்துத் திரும்பி வந்திருந்தார், பாதியாக. போய்ப் பார்க்க ஆவ்ரிலுக்குத் தைரியம் வர மூன்று வாரம் ஆயிற்று. விடுமுறை நாளில், சீருடை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் நுழைகிற வாசல் வழியாகப் போனாள். தாழ்வாரத்தின் மேட்டைக் கால் தானாகவே உயர்ந்து தாண்டியது.

ஜன்னலில் வெள்ளை. மேஜை இப்போது இடது பக்கம் இருந்தது. குழாயைச் சுவரோடு உயர்த்திக் கட்டியிருந்தார்கள். புதிதாக வந்த டீக்காரி பச்சைக்கோடு போட்ட கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். டெய்ட் ஆவ்ரிலைப் பார்த்தார். தெரிந்து பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

மோதிரம் கம்பியில் விழுந்தது. டிங்.

ஆவ்ரில் தன் கல்யாண மோதிரத்தை மேலே தள்ளிக்கொண்டு, கட்டில் கம்பியின் இந்தப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

அவருடைய கண் அசைந்து, அவள் முகத்தில் வந்து நின்றது. நாற்பது வருஷமாகக் கம்பியின் மறுமுனையில் மட்டும் இருந்த ஒருவர் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. அவள் கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். இடது கை அதைப் பிடித்தது; அவள் கை அடியில் தாங்கியது. ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்குவதை அவள் குனிந்து பார்த்தாள். இன்னொரு மடக்கு. அதையும் பார்த்தாள். அப்புறம் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். போதும்.

அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறியது. மேலே மெல்லிய ஆடை ஒன்று, மூட்டம் கடலை மூடுவதுபோல, விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்து மூடியது. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள். வலது கை தானாகக் கோப்பைக்குப் போய் அதன் காதைப் பிடித்தது. வாசலில் இருந்த தொட்டி பத்தடி தூரம்தான்.

விரல் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

வாசலில் புது டீக்காரி எதிர்ப்பட்டாள். "அவர் குடிச்சிட்டாரா? கோப்பையை எடுத்துக்கட்டுமா?"

"ரெண்டு மடக்குதான், கண்ணு" என்றாள் ஆவ்ரில். "அது அப்படியே நிக்கட்டும். எழுதறவங்க வந்து பாக்கட்டும்."

திரும்பிப் பார்த்தாள். வெள்ளை ஜன்னலுக்கு முன்னால், மேஜையின்மேல், முக்கால்வாசி நிறைந்த கோப்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.